மேசைக் கணிப்பொறிக்கு வெளி நெட்வொர்க் அடாப்டர்: தேர்ந்தெடுக்கும் முறை

துலாவர்ஷ காலத்தில் திருவனந்தபுரத்தின் பிற்பகல் பெரும்பாலும் ஒரே விதமாகக் கழியும். காலையில் வானம் தெளிந்திருக்கும். நண்பகலுக்குப் பின் கிழக்கே மலைத்தொடரின் மேல் கருமேகம் திரளும். மாலைக்குள் இடியும் மின்னலும் கூடிய மழை நகரை நனைத்துவிடும். அக்டோபர், நவம்பர் மாதங்களிலும், கோடைமழை பெய்யும் ஏப்ரல், மே மாதங்களிலும் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை மின்னலைக் குறித்து எச்சரிக்கையாக இருக்கவேண்டும் என்று கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பொதுமக்களுக்கு அறிவுறுத்தி வருகிறது.

கோட்டைக்கு அருகில், லட்சுமி வராக மூர்த்தி கோயிலும் அதன் பெரிய குளமும் அமைந்த ஸ்ரீவராகத்தில் பள்ளி ஆசிரியர் ஒருவர் வசிக்கிறார். தாம் நடத்தும் பாடங்களைப் படம் பிடித்து, வாரந்தோறும் லேப்டாப்பிலிருந்து வீட்டு மேசைக் கணிப்பொறிக்கு மாற்றிச் சேமித்து வைப்பது அவர் வழக்கம். ஒருநாள் மாலை இடி ஓய்ந்தபின் கணிப்பொறியை இயக்கினார். யாவும் முன்போலவே இருந்தன. வலை இணைப்பு மட்டும் இல்லை. மின்னலால் எழுந்த மிகை மின்னழுத்தம் லேன் கேபிளின் வழியாக வந்து, மதர்போர்டிலிருந்த நெட்வொர்க் போர்ட்டைக் கெடுத்துவிட்டது. அந்த ஒரு போர்ட்டுக்காக மதர்போர்டு முழுவதையும் மாற்றுவது வீண் செலவு. ஆகவே வெளியிலிருந்து யூஎஸ்பி வாயிலாகப் பொருத்தும் அடாப்டர் ஒன்றை வாங்கிக்கொள்ளுமாறு அவருக்கு யோசனை கூறப்பட்டது.

கடையில் கிடைத்தவற்றுள் வேகம் மிகுந்ததாக, பெட்டியின் மீது வினாடிக்கு இரண்டரை கிகாபிட் என்று அச்சிட்ட ஒன்றை அவர் வாங்கினார். வீட்டுக்கு வந்து, 40 கிகாபைட் அளவுள்ள பாடப் படங்களை மாற்றிப் பார்த்தார். ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடித்தது! பழுதான பொருளைத் தந்துவிட்டார்கள் என்று அவர் எண்ணியதில் வியப்பில்லை. ஆனால் அடாப்டரில் பழுது ஏதும் இல்லை. தடை எங்கிருந்தது என்பதை ஆராய்வது இச்சாதனத்தை வாங்கக் கருதும் ஒவ்வொருவருக்கும் பயன்படும்.

வேகமும் அளவையும்

முதலில் அளவைகளைத் தெளிவாக்கிக் கொள்வோம். வலை இணைப்பின் வேகம் பிட் கணக்கிலும், கோப்பின் அளவு பைட் கணக்கிலும் கூறப்படுகின்றன. எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே 40 கிகாபைட் என்பது 320 கிகாபிட் ஆகும். மேலும், அறிவிக்கப்படும் வேகம் முழுவதும் கோப்புக்கே கிடைப்பதில்லை. ஒவ்வொரு தகவல் பொதியோடும் முகவரி முதலிய குறிப்புகள் சேர்ந்தே செல்ல வேண்டியிருப்பதால் ஒரு பகுதி அவற்றுக்குச் செலவாகிறது. ஒரு கிகாபிட் இணைப்பில் நடைமுறையில் கிடைப்பது வினாடிக்குச் சுமார் 940 மெகாபிட். இரண்டரை கிகாபிட் இணைப்பில் சுமார் 2,350 மெகாபிட்.

இக்கணக்கின்படி நம் ஆசிரியரின் 40 கிகாபைட், 100 மெகாபிட் இணைப்பில் 57 நிமிஷங்களிலும், ஒரு கிகாபிட் இணைப்பில் 5 நிமிஷம் 40 வினாடியிலும், இரண்டரை கிகாபிட் இணைப்பில் 2 நிமிஷத்துக்குச் சற்று அதிகமான நேரத்திலும் சென்று சேரவேண்டும். அவருக்குக் கிடைத்ததோ முதலாவது வேகமே.

குழாயின் உவமை

திருவனந்தபுரத்துக்குக் குடிநீர் கரமனை ஆற்றின் அருவிக்கரையிலிருந்து வருகிறது. 1933-இல் தொடங்கிய இத்திட்டத்தின் பெருங்குழாய்கள் எவ்வளவு அகன்றவையாயினும், வீட்டுக்குள் நுழையும் குழாய் அரை அங்குலமாயின் குடம் நிறையும் வேகத்தை அந்த அரை அங்குலமே தீர்மானிக்கிறது. வலை இணைப்பும் அத்தகையதே. லேப்டாப், அதன் கேபிள், ரவுட்டர், மற்றொரு கேபிள், அடாப்டர், யூஎஸ்பி போர்ட், இறுதியாக ஹார்டு டிஸ்க் என்று தகவல் பல கட்டங்களைக் கடந்து செல்கிறது. இவற்றுள் எது மிகக் குறுகியதோ அதன் வேகமே முழுப் பாதையின் வேகமாகும். அடாப்டர் இவற்றுள் ஒரு கட்டமே. அதனை மட்டும் அகலப்படுத்துவதால் பயன் விளையும் என்று கொள்வதற்கில்லை.

முதல் தடை: கேபிள்

ஈதர்நெட் எனப்படும் இணைப்பு முறையை 1973-இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் உருவாக்கினர். அதன் முதல் வேகம் வினாடிக்கு 3 மெகாபிட்டுக்குச் சற்றுக் குறைவு. 1983-இல் 10 மெகாபிட்டுக்கும், 1995-இல் 100 மெகாபிட்டுக்கும் பொது வரையறைகள் ஏற்பட்டன. முறுக்கிய செம்புக் கம்பிகளில் ஒரு கிகாபிட் வேகம் 1999-இலும், இரண்டரை, ஐந்து கிகாபிட் வேகங்கள் 2016-இலும் வரையறுக்கப்பட்டன.

இவ்வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. லேன் கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் உள்ளன. 100 மெகாபிட் வேகத்துக்கு அவற்றுள் இரண்டு ஜோடிகள் போதும். ஒரு கிகாபிட்டுக்கும் அதற்கு மேற்பட்ட வேகங்களுக்கும் நான்கு ஜோடிகளும் பழுதின்றி இருக்கவேண்டும். ஒரு ஜோடி அறுந்திருந்தால் பெரும்பாலான சாதனங்கள் இணைப்பைக் கைவிடுவதில்லை. தாமாகவே 100 மெகாபிட்டுக்கு இறங்கிக்கொண்டு, ஓசையின்றி வேலை செய்துகொண்டிருக்கும். கேபிளில் குறை உண்டு என்பது உபயோகிப்போருக்குத் தெரிவதே இல்லை.

ஸ்ரீவராகத்து வீட்டில் நிகழ்ந்ததும் இதுவே. கணிப்பொறியின் வலை அமைப்புத் திரையில் இணைப்பு வேகம் 100 என்றே காட்டிற்று. கேபிளைப் பரிசோதித்தபோது, அலமாரிக்குப் பின்புறம் எலி கடித்த இடம் தென்பட்டது. '5இ' வகையைச் சேர்ந்த புதிய கேபிள் ஒன்று மாற்றப்பட்டது. இவ்வகைக் கேபிள் 100 மீட்டர் தொலைவு வரை இரண்டரை கிகாபிட்டையும் தாங்க வல்லது. வீட்டுக்கோ வகுப்பறைக்கோ இதனினும் விலை உயர்ந்த கேபிள் தேவையில்லை. திரையில் இப்போது 1000 என்ற எண் தோன்றிற்று.

இரண்டாம் தடை: யூஎஸ்பி போர்ட்

ஆயினும் மறுமுறை கோப்புகளை மாற்றியபோது 18 நிமிஷங்கள் ஆயின. கணக்கின்படி ஆறு நிமிஷத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். திரையில் காணும் எண் ரவுட்டருக்கும் அடாப்டருக்கும் இடைப்பட்ட பாதையின் வேகத்தை மட்டுமே கூறுகிறது. அடாப்டரிலிருந்து கணிப்பொறிக்குச் செல்லும் பாதையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. பலர் ஏமாறும் இடம் இதுவே.

யூஎஸ்பி இணைப்பு முறையின் முதல் வரையறை 1996-இல் வெளியாயிற்று. இன்டெல் நிறுவனத்தில் இம்முறையை உருவாக்கியதில் பெரும்பங்கு கொண்டவர் அஜய் பட். வடோதராவின் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். தொடக்கத்தில் இதன் உச்ச வேகம் வினாடிக்கு 12 மெகாபிட். 2000-இல் வந்த 2.0 வரையறை 480 மெகாபிட்டும், 2008-இல் வந்த 3.0 வரையறை 5 கிகாபிட்டும், 2013-இல் வந்த 3.1 வரையறை 10 கிகாபிட்டும் அளித்தன.

480 மெகாபிட் எனினும் 2.0 போர்ட்டின் வழியே நடைமுறையில் கிடைப்பது மிகக் குறைவு. இதற்கு யாவரும் அறிந்த சான்று ஒன்று உண்டு. பள்ளிகளில் பரவலாக உபயோகிக்கப்படும் ராஸ்பெரி பை என்னும் சிறு கணிப்பொறியின் '3 பி பிளஸ்' மாதிரி 2018-இல் வெளிவந்தது. கிகாபிட் ஈதர்நெட் பொருத்தப்பட்டிருந்தும், அது உள்ளே 2.0 யூஎஸ்பி வழியாக இணைக்கப்பட்டிருந்ததால் உச்ச வேகம் 300 மெகாபிட்டே என்று தயாரிப்பாளர்களே வெளிப்படையாக அறிவித்தனர். நம் ஆசிரியர் பெற்ற 18 நிமிஷம் இந்த 300 மெகாபிட் கணக்குக்குப் பொருந்தி வருவதைக் காணலாம். அவர் அடாப்டரைக் கணிப்பொறியின் முன்புறத்தில், கைக்கு எட்டும் போர்ட்டில் செருகியிருந்தார். அது பழைய 2.0 போர்ட். பின்புறமிருந்த நீலநிறப் போர்ட்டுக்கு மாற்றியவுடன் அதே வேலை ஆறு நிமிஷத்துக்குள் முடிந்தது. இம்மாற்றத்துக்கு ஒரு காசும் செலவாகவில்லை.

போர்ட்டை இனங்காண்பதில் சில எச்சரிக்கைகள் தேவை. 3.0 போர்ட்டின் உள்ளே பெரும்பாலும் நீலநிறப் பிளாஸ்டிக்கும், அருகே 'எஸ்எஸ்' என்ற குறியும் இருக்கும். ஆனால் எல்லாத் தயாரிப்பாளர்களும் நிறத்தைப் பின்பற்றுவதில்லை. கணிப்பொறியின் கையேட்டைப் பார்ப்பதே உறுதியான வழி. 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 என்ற மூன்று பெயர்களும் ஒரே 5 கிகாபிட் வேகத்தையே குறிக்கும். எண் கூடுவதால் வேகம் கூடியது என்று மயங்கலாகாது. அவ்வாறே, புதிய 'சி' வடிவப் போர்ட் என்பது வடிவத்தைக் குறிக்குமேயன்றி வேகத்தை அன்று. சி வடிவில் 2.0 வேகமே உள்ள போர்ட்டுகளும் உண்டு. கணிப்பொறிக்கும் அடாப்டருக்கும் இடையே பழைய யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிளோ, பல போர்ட்டுகள் கொண்ட ஹப்போ இருப்பின் அதுவும் 3.0 வகையினதாக இருத்தல் வேண்டும்.

மூன்றாம் தடை: ஹார்டு டிஸ்க்

இப்போது ஒரு வினா எழுகிறது. வாங்கியதோ இரண்டரை கிகாபிட் அடாப்டர். கிடைப்பதோ ஒரு கிகாபிட் வேகம். எஞ்சிய ஒன்றரை எங்கே போயிற்று?

வீட்டிலிருந்த ரவுட்டரின் போர்ட்டுகள் யாவும் ஒரு கிகாபிட் வேகமுடையவை. லேப்டாப்பின் போர்ட்டும் அத்தகையதே. இரண்டையும் மாற்றினாலன்றி அடாப்டரின் முழு வேகம் வெளிப்படாது. மாற்றினாலும் பெரும்பயன் இல்லை. ஆசிரியரின் கணிப்பொறியில் இருப்பது சுழலும் வகை ஹார்டு டிஸ்க். இவ்வகை டிஸ்க்குகள் சாதாரணமாக வினாடிக்குச் சுமார் 150 மெகாபைட், அதாவது 1,200 மெகாபிட் அளவே எழுதவல்லவை. ஆகவே வலை எவ்வளவு விரைந்தாலும் 40 கிகாபைட்டை எழுதி முடிக்க நாலரை நிமிஷம் ஆகும். புதிய ரவுட்டர், புதிய அடாப்டர் எல்லாவற்றுக்கும் செலவிட்டு அவர் மிச்சப்படுத்தக்கூடியது வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு நிமிஷம்!

விலை குறைந்த ஒரு கிகாபிட் அடாப்டரே அவருக்குப் போதுமானதாக இருந்தது. இது வாங்கிய பின்னரே தெரிந்தது. வாங்குமுன் அறிந்துகொள்வது கடினமன்று என்பதற்காகவே இவ்வளவு விரிவாகக் கூறுகிறோம்.

இணையத்துக்காக மட்டுமெனில்

வெளி இணையத்தை எட்டுவது மட்டுமே நோக்கமாயின் கணக்கு மேலும் எளிது. 2023 ஜூன் 5-ஆம் தேதி தொடங்கி வைக்கப்பட்ட கேரளக் கண்ணாடியிழை வலையமைப்பான கே-ஃபோன், தொடக்கத்தில் அறிவித்த வீட்டுத் திட்டங்கள் வினாடிக்கு 20 மெகாபிட்டிலிருந்து 250 மெகாபிட் வரையிலானவை. கைட் எனப்படும் கேரளக் கல்வித் தொழில்நுட்ப நிறுவனம் உயர்தொழில்நுட்ப வகுப்பறைகளுக்கு ஏற்பாடு செய்த இணைப்பு 100 மெகாபிட். இத்தகைய இணைப்புகளுக்கு ஒரு கிகாபிட் அடாப்டர் தாராளமாகப் போதும். இரண்டரை கிகாபிட் அடாப்டர் பொருத்துவதால் பக்கம் ஒன்றுகூட விரைவாகத் திறக்காது.

வேகமான அடாப்டருக்கு உரிய இடம்

அங்ஙனமாயின் வேகமான அடாப்டர் எங்குமே வேண்டாவா? அவ்வாறன்று. பள்ளிக் கணிப்பொறிக் கூடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பொதுக் கணிப்பொறி ஒன்றிலிருந்து பதினைந்து மாணவர் கணிப்பொறிகள் தலா 4 கிகாபைட் அளவுள்ள கோப்பை ஒரே சமயத்தில் எடுத்துக்கொள்கின்றன என்க. மொத்தம் 60 கிகாபைட். பொதுக் கணிப்பொறியின் இணைப்பு 100 மெகாபிட் எனில் ஏறத்தாழ 85 நிமிஷங்கள், அதாவது இரண்டு பாடவேளைகள் வீணாகும். ஒரு கிகாபிட் எனில் எட்டரை நிமிஷம்; இரண்டரை கிகாபிட் எனில் மூன்றரை நிமிஷம்.

ஆகவே பதினைந்து கணிப்பொறிகளுக்கும் விலை உயர்ந்த அடாப்டர் வாங்குதல் தவறு. எல்லாரும் தண்ணீர் மொள்ளும் அந்த ஒரு கணிப்பொறிக்கு வாங்குதலே சரி. ஆனால் கூடத்தின் ஸ்விட்சில் இரண்டரை கிகாபிட் போர்ட் ஒன்றேனும் இருக்கவேண்டும். பொதுக் கணிப்பொறியில் சுழலும் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி இருக்கவேண்டும். இவ்விரண்டும் இல்லாதவிடத்து அடாப்டர் வாங்கும் பணத்தை முதலில் எஸ்எஸ்டிக்குச் செலவிடுதல் நன்று.

கம்பியில்லா அடாப்டர்

கேபிள் இழுக்க இயலாத இடங்களில் வைஃபை அடாப்டர் உபயோகமாகும். இதன் பெட்டியில் அச்சிடும் எண்ணைப் பொருள்கொள்ளும் முறை வேறு. 'ஏசி 1200' என்பதில் உள்ள 1200, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் 300 மெகாபிட்டையும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் 867 மெகாபிட்டையும் கூட்டி, சற்று உயர்த்திச் சொல்லும் எண். அடாப்டர் ஒரு சமயத்தில் ஒரு வரிசையிலேயே இயங்குமாதலால் கூட்டுத்தொகை எக்காலத்தும் கிடைப்பதில்லை. வரிசையின் வேகத்திலும் ஏறக்குறையப் பாதியே நடைமுறையில் எதிர்பார்க்கத்தக்கது. கோட்டைப் பகுதியின் பழைய வீடுகளில் உள்ள தடித்த சுவர்கள் 5 கிகாஹெர்ட்ஸ் அலையைப் பெரிதும் தடுக்கும். அது மேலும் குறையும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. யூஎஸ்பி 3.0 இணைப்பு இயங்கும்போது எழும் மின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பாதிக்கிறது என்பதை இன்டெல் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட ஆய்வுக் குறிப்பு விளக்கிற்று. கணிப்பொறியின் பின்புறம், இரும்புப் பெட்டிக்கும் சுவருக்கும் இடையே செருகிய சிறு வைஃபை அடாப்டர் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு சிறு நீட்டிப்புக் கேபிளின் உதவியால் அடாப்டரை மேசைமேல் கொண்டுவந்து வைத்தால் பெரும்பாலும் நிலைமை சீர்படும்.

உள்ளிருக்கும் சில்லு

பெட்டியின் மீதுள்ள வணிகப் பெயர் எதுவாயினும், உள்ளே வேலை செய்யும் சில்லு சில நிறுவனங்களுடையதே. கேரளப் பள்ளிகளில் வழங்கும் கைட் குனு/லினக்ஸ் போன்ற கட்டற்ற இயங்குதளங்களில், சில்லுக்கு உரிய டிரைவர் முன்பே சேர்ந்திருந்தாலன்றி அடாப்டர் இயங்காது. கம்பி வழி அடாப்டர்களில் தைவான் நாட்டு ரியல்டெக் நிறுவனத்தின் ஆர்டிஎல் 8153 என்னும் ஒரு கிகாபிட் சில்லுக்கும், ஆர்டிஎல் 8156 என்னும் இரண்டரை கிகாபிட் சில்லுக்கும் லினக்ஸில் டிரைவர் உள்ளது. வைஃபை அடாப்டர்களில் இத்தகைய உறுதி குறைவு. ஆகவே சில்லின் பெயரைக் கேட்டறிந்து, இயங்குதளம் அதனை ஏற்குமா என்று பார்த்தபின் வாங்குதல் நலம்.

வாங்குமுன் செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றை வரிசைப்படுத்திக் கூறுவோம்.

1. எவ்வேலைக்காக வேகம் வேண்டும் என்பதை எழுதிக்கொள்க: இணையமா, கோப்பு மாற்றுதலா, பலருக்கு வழங்குதலா?

2. ரவுட்டர் அல்லது ஸ்விட்சின் போர்ட் வேகத்தைப் பார்க்க. அதனினும் உயர்ந்த அடாப்டர் வேண்டுவதில்லை.

3. கணிப்பொறியில் காலியாக உள்ள போர்ட் 3.0 வகைதானா என்பதை உறுதி செய்க. 2.0 போர்ட் மட்டுமே உள்ள பழைய கணிப்பொறிக்கு இரண்டரை கிகாபிட் அடாப்டர் வாங்குதல் பயனற்றது.

4. கேபிளை மற்றொரு கணிப்பொறியில் பொருத்தி, 1000 என்ற எண் வருகிறதா என்று சோதிக்க.

5. டிஸ்க்கின் வகையை அறிக.

6. வாங்கிய பின் 'ஐபெர்ஃப் 3' என்னும் இலவச மென்பொருளால் அளந்து பார்க்க. இது டிஸ்க்கை உபயோகிக்காமல் வலையின் வேகத்தை மட்டும் அளக்கிறது. வலை விரைவாகவும் கோப்பு மெதுவாகவும் சென்றால் குறை டிஸ்க்கில் உள்ளது என்பது விளங்கும்.

மின்னலிலிருந்து காத்தல்

தொடங்கிய இடத்துக்கே திரும்புவோம். கண்ணாடியிழை மின்சாரத்தைக் கடத்தாது. எனினும் வீட்டுக்குள் ரவுட்டருக்கு மின்சாரம் தரும் கம்பியும், ரவுட்டரிலிருந்து கணிப்பொறிக்குச் செல்லும் லேன் கேபிளும் செம்பாலானவை. ஈதர்நெட் போர்ட்டினுள் 1,500 வோல்ட்டைத் தாங்கும் மின்காப்பு இருக்கவேண்டும் என்பது வரையறை. மின்னல் எழுப்பும் அழுத்தம் அதனைப் பன்மடங்கு மிஞ்சக்கூடும். வெளி அடாப்டர் பலியாகிக் கணிப்பொறி தப்பிவிடும் என்று நம்பியிருத்தலும் கூடாது. அழுத்தம் யூஎஸ்பி வழியாகவும் உள்ளே செல்லலாம்.

பாதுகாப்பு ஒன்றே. மேகம் திரளும்போதே, இடி தொடங்குமுன், மின்செருகியையும் லேன் கேபிளையும் கழற்றிவிட வேண்டும். இடி முழங்கும்போது கழற்றச் செல்வது உயிருக்கே ஆபத்து. பள்ளிகளில் மாலை மணி அடித்ததும் கூடத்துக் கேபிள்களைக் கழற்றும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைப்பது நல்ல பழக்கமாகும்.

ஸ்ரீவராகத்து ஆசிரியர் இப்போது துலா மாதப் பிற்பகல்களில் வீட்டை விட்டுப் புறப்படுமுன் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டே செல்கிறார். இரண்டரை கிகாபிட் அடாப்டரைத் தம் பள்ளிக் கூடத்தின் பொதுக் கணிப்பொறிக்குக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு ஒரு கிகாபிட் அடாப்டர் ஒன்றை வாங்கிக்கொண்டார். பாடங்கள் முன்போலவே ஆறு நிமிஷத்துக்குள் சென்று சேர்கின்றன. பெட்டியின் மீதுள்ள எண்ணை நோக்காமல், பாதையில் மிகக் குறுகிய இடத்தைத் தேடிக் கண்டபின் செலவு செய்வோருக்குப் பணமும் நேரமும் ஒருங்கே மிஞ்சும்.